தலையில் பட்ட அடியை மறைக்காதீர்கள்



நம் ஊரின் பெயரிலேயே தலை இருக்கிறது. ‘கெப்பாலா’ என்றால் மலாய்மொழியில் தலை. ‘பத்தாஸ்’ என்றால் வரப்பு. ஆனால் கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழும் நாம் தலைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறோம்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

காலில் முள் ஏறினால் கிளினிக்குக்குப் போகிறோம். கையில் அரிவாள் பட்டால் அலறியடித்துக்கொண்டு ஓடுகிறோம். செம்பனை மட்டை ஒன்று தலையில் விழுந்தால் மட்டும், “ஒண்ணுமில்லப்பா, லேசாத்தான் பட்டுச்சு” என்று சொல்லி, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறோம். ரத்தம் வரவில்லை, எலும்பு முறியவில்லை, அதனால் அது காயமே இல்லை என்று நினைக்கிறோம். மாலையில் தோட்டத் திடலில் பந்தாடும் பிள்ளைகளும் அப்படித்தான். இரண்டு பேர் தலையோடு தலை மோதி விழுவார்கள். முகத்தில் தண்ணீர் அடித்து, “எழுந்திருடா, ஆடுடா” என்று நாமே மறுபடியும் உள்ளே அனுப்புவோம்.

இந்த இதழில் ஓர் அமெரிக்க ஆட்டக்காரரின் கதையைச் சொல்லப்போகிறேன். அவருக்கும் நம் லயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அவர் ஒரு தொழிலாளியின் மகன். ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கத்துக்காக உழைத்தவர். தலையில் பட்ட அடி மூளையைக் கெடுக்குமா என்று பலர் முன்னிலையில் சந்தேகம் எழுப்பியவர். கடைசியில் தம் மூளையையே அதற்குச் சாட்சியாக விட்டுப் போனவர்.

கடைசிக் காவல்காரர்

அவர் பெயர் டேவ் டூர்சன். 1960ஆம் ஆண்டு அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் உள்ள மன்சி என்ற ஊரில் பிறந்த கறுப்பினத்தவர். தகப்பனார் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் 30 ஆண்டு வேலை செய்தவர். பையன் படிப்பிலும் கெட்டி, ஆட்டத்திலும் கெட்டி. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றார். 1983இல் சிகாகோ பேர்ஸ் என்ற குழு அவரைச் சேர்த்துக்கொண்டது.

அமெரிக்கக் காற்பந்து நாம் ஆடும் காற்பந்து மாதிரி இராது. பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைப் பெரும்பாலும் கையில் எடுத்துக்கொண்டுதான் ஓடுவார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். எதிர்ப்பக்கத்தார் ஓடி வருகிறவனை மோதிக் கீழே தள்ளவேண்டும். நம் சடுகுடுவில் பாடி வருகிறவனை மற்றவர்கள் பிடித்து அமுக்குவார்கள் அல்லவா, அதைப்போலத்தான். ஆனால் இங்கே இரண்டு பக்கமும் தலைகால் தெரியாத வேகத்தில் ஓடி வந்து மோதிக்கொள்வார்கள்.

டூர்சன் ஆடியது தற்காப்புப் பகுதியில். மற்றவர்களைத் தாண்டி வருகிறவனைக் கடைசியாக நின்று தடுக்கும் காவல்காரர் அவர். அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘சேஃப்டி’ என்று பெயர். அப்படியென்றால் பாதுகாப்பு. பெயரில்தான் பாதுகாப்பு. அந்த இடத்தில் நிற்கிறவனின் வேலையே ஓடிப்போய் மோதுவதுதான்.

1986 ஜனவரியில் சிகாகோ குழு, அமெரிக்காவின் மிகப் பெரிய போட்டியான சூப்பர் பௌலில் 46க்கு 10 என்று வென்றது. டூர்சன் அந்தக் குழுவில் இருந்தார். பிறகு நியூயார்க் ஜயண்ட்ஸ் குழுவில் சேர்ந்து 1991 ஜனவரியில் இரண்டாம் முறையும் அதே கோப்பையை வென்றார். நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் நட்சத்திர ஆட்டத்துக்கு 4 முறை தேர்வானார். சமூகத் தொண்டுக்காக 1987ஆம் ஆண்டின் சிறந்த மனிதர் என்ற விருதும் கிடைத்தது. 1993 வரை, மொத்தம் 11 ஆண்டு ஆடினார்.

ஆட்டத்தை விட்ட பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. உணவு வியாபாரத்தில் இறங்கிப் பெரிய முதலாளியானார். படித்த பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவிலும் இடம் பெற்றார். “பையன் நல்லா வந்துட்டான்” என்று ஊரே சொல்லும்படி வாழ்ந்தார்.

நியாயம் பார்க்க உட்கார்ந்தவர்

அங்கே ஆட்டக்காரர்களுக்கும் தொழிற்சங்கம் உண்டு. உடல் கெட்டுப்போன பழைய ஆட்டக்காரர்கள் உதவித்தொகை கேட்டு மனுப்போடுவார்கள். மனுவைப் பார்த்து முடிவு சொல்ல 6 பேர் கொண்ட குழு. சங்கத் தரப்பில் 3 பேர், முதலாளிகள் தரப்பில் 3 பேர். 2006இல் டூர்சன் சங்கத்தின் சார்பில் அந்தக் குழுவில் அமர்ந்தார்.

மனுப்போட்டவர்களில் பலருக்கு ஞாபகம் தப்பியிருந்தது. வீட்டுக்கு வழி தெரியாதவர்கள், சொந்தப் பிள்ளைகளின் பெயரையே மறந்தவர்கள் இருந்தார்கள். அந்தச் சங்கத்துக்கே ஒரு காலத்தில் தலைவராக இருந்த ஜான் மேக்கியும் அப்படி ஆனவர்தான். ஆடிய காலத்தில் அவருடைய சட்டை எண் 88. அவரைப் போன்றவர்களைப் பராமரிக்க 2007இல் ஒரு நிதி ஏற்பட்டது. அதற்கு அவருடைய சட்டை எண்ணையே பெயராக வைத்தார்கள்.

அதே 2007இல் அமெரிக்க மேலவைக் குழு ஒன்று இதைப் பற்றி விசாரித்தது. டூர்சன் அங்கே போய்ச் சாட்சி சொன்னார். என் தகப்பனாருக்கு 84 வயது, அவருக்கும் ஞாபகமறதி நோய் இருக்கிறது, அவர் எந்தத் தொழில்முறை ஆட்டமும் ஆடியவர் இல்லையே, அப்படியிருக்க இந்தப் பாதிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்பது நியாயம்தானே என்ற பொருளில் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த பழைய ஆட்டக்காரர்கள் சிலருக்குக் கோபம் வந்தது. நம்மவனே நமக்கு எதிராகப் பேசுகிறானே என்று வருந்தினார்கள்.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணுக்குத் தெரியாத காயத்தை நம்புவது எவருக்கும் கஷ்டம். நம் தோட்டத்திலும் ஒருவர் தலைவலி என்று வேலைக்கு வராவிட்டால், “சும்மா மட்டம் போடுறான்” என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா?

ஆனால் டூர்சனின் சொந்த வாழ்க்கையே அப்போது ஆட்டங்கண்டிருந்தது. 2005இல் வீட்டில் நடந்த சண்டை போலீஸ் வரை போனது. பல்கலைக்கழகப் பதவியை விட்டு விலகினார். கம்பெனி நொடித்தது. குடும்பம் பிரிந்தது. 2010இல் திவால் ஆனார். எழுத்துக் கோர்த்து வாசிக்கக் கஷ்டம், தலைவலி, பார்வை மங்கல், பேச்சில் தடுமாற்றம் எல்லாம் வந்தன. இவ்வளவு திறமைசாலி ஏன் இப்படித் தப்புத் தப்பாக முடிவெடுக்கிறார் என்று சுற்றியிருந்தவர்களுக்கு விளங்கவில்லை.

2011 பிப்ரவரி 17ஆம் தேதி அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 50. தம் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடும்படி எழுதிவைத்திருந்தார். அந்த ஆண்டு மே மாதம் பாஸ்டன் பல்கலைக்கழக டாக்டர்கள் முடிவைச் சொன்னார்கள். மற்றவர்கள் விஷயத்தில் அவர் சந்தேகப்பட்ட அதே பாதிப்பு அவர் மூளையிலும் இருந்தது.

தேங்காயும் தண்ணீரும்

அந்த நோய்க்கு டாக்டர்கள் சுருக்கமாக வைத்திருக்கும் பெயர் சி.டி.இ. தலையில் அடி மேல் அடி பட்டதால் மூளை மெல்ல மெல்லக் கெட்டுப்போகும் நோய் இது.

முற்றின தேங்காய் ஒன்றைக் கையில் எடுத்துக் காதோரம் ஆட்டிப் பாருங்கள். ஓடு அசையாது. உள்ளே தண்ணீர் குலுங்கும். மண்டையும் அப்படித்தான். உள்ளே மிருதுவான மூளை நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. வேகமாக ஓடி வந்து மோதித் திடீரென்று நிற்கும்போது மண்டை நின்றுவிடும், மூளை நிற்காது. அது குலுங்கித் திரும்பும்போது உள்ளே இருக்கும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபடும். ஒரு தடவை நடந்தால் பெரும்பாலும் ஓய்வில் சரியாகிவிடும். வருஷக்கணக்காக ஆயிரம் தடவை நடந்தால் ‘டௌ’ என்ற புரதம் உருமாறி மூளையில் திட்டுத் திட்டாகப் படிந்துவிடுகிறது. அடி படுவது நின்ற பிறகும் இது பரவக்கூடும்.

மறதி வரும். எதற்கெடுத்தாலும் எரிச்சல், அடக்கமுடியாத கோபம், மனச்சோர்வு வரும். நல்லது கெட்டது பார்த்து முடிவெடுக்கும் சக்தி குறையும். கடைசியில் புத்தி பேதலித்துப்போகும். ஆள் உயிரோடு இருக்கும்போது இதுதான் அந்த நோய் என்று உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இன்றுவரை இல்லை. இறந்த பிறகு மூளையை ஆராய்ந்துதான் சொல்கிறார்கள்.

இது புதிதாக வந்த நோயும் இல்லை. குத்துச்சண்டைக்காரர்கள் நடை தள்ளாடிப் பேச்சுக் குழறிப் போவதை ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க டாக்டர் 1928லேயே எழுதிவைத்தார். 2002இல் பிட்ஸ்பர்க் நகரில் நைஜீரிய நாட்டிலிருந்து வந்த டாக்டர் பென்னட் ஒமாலு, மைக் வெப்ஸ்டர் என்ற காற்பந்து வீரரின் மூளையில் இதைக் கண்டார். 2005இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஆட்டத்தை நடத்தும் அமைப்பின் டாக்டர்கள் அந்தக் கட்டுரையையே திரும்பப் பெறச் சொன்னார்கள். 20 ஆண்டுக்காலம் தற்காப்பு வீரராக ஆடிய ஜூனியர் சேயாவ் 2012இல் 43 வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மூளையிலும் இதே நோய் இருந்தது.

2017இல் பாஸ்டன் டாக்டர்கள் ஆராய்ந்த 111 தொழில்முறை ஆட்டக்காரர்களின் மூளைகளில் 110இல் இந்த நோய் தென்பட்டது. ஆனால் ஏற்கெனவே மாறுதலைக் கவனித்துப் பயந்த குடும்பங்களே பெரும்பாலும் மூளைகளைக் கொடுத்தன. ஆகவே ஆடுகிற எல்லாருக்கும் இந்த நோய் வரும் என்று யாரும் பயப்படவேண்டாம். அதேபோல, ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்வதற்கு இது ஒன்றே காரணம் என்று டாக்டர்களும் சொல்வதில்லை.

வழக்கும் நடந்தது. ஆயிரக்கணக்கான பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து வழக்குப்போட்டார்கள். 2015இல் நீதிமன்றம் நஷ்டஈட்டு ஒப்பந்தத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது. அதன்பின் 100 கோடி டாலருக்கும் மேல் பட்டுவாடா ஆகியிருக்கிறது. அதிலும் ஓர் அநியாயம் இருந்தது. கறுப்பர்களுக்கு ஆரம்பத்திலேயே அறிவு மட்டு என்று கணக்கு வைத்துச் சோதனையில் மதிப்பெண் போட்டார்கள். அதனால் அடிபட்டு அறிவு குறைந்தது என்று அவர்களால் சுலபமாக நிரூபிக்க முடியவில்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 2021இல்தான் அந்தக் கணக்கைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள்.

நம் காற்பந்தும் தப்பவில்லை

இது அமெரிக்க ஆட்டத்தோடு நின்றுவிட்டதா? இல்லை. இங்கிலாந்தின் ஜெஃப் ஆஸ்ட்டல் தலையால் பந்தடிப்பதில் பெயர்பெற்றவர். 2002இல் 59 வயதில் மூளை கெட்டு இறந்தார். விசாரணை நடத்திய மரண விசாரணை அதிகாரி என்ன தீர்ப்புச் சொன்னார் தெரியுமா? இது தொழிலால் வந்த நோய் என்றார். சுரங்கத் தொழிலாளிக்கு நெஞ்சில் தூசி படிவதைப் போல, பந்தாட்டக்காரருக்குத் தலையில் அடி படிந்தது.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் பழைய தொழில்முறைக் காற்பந்து வீரர்களைப் பற்றிக் கணக்கெடுத்தார்கள். மூளை சிதையும் நோய்களால் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட அவர்களுக்கு ஏறக்குறைய மூன்றரை மடங்கு என்று 2019இல் தெரிந்தது. 2021இல் ஆடிய இடத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குத்தான் ஆபத்து அதிகம், ஏறக்குறைய 5 மடங்கு. கோல்காவலர்களுக்கு மிகக் குறைவு. தற்காப்பில் நிற்கிறவன்தான் உயரத்தில் வரும் பந்தை அடிக்கடி தலையால் தட்டுகிறான். அவனே அதிகமாக மோதிக்கொள்கிறான்.

அதனால்தான் அமெரிக்காவில் 2015 முதல் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பந்தைத் தலையால் அடிக்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் 2020 முதல் ஆரம்பப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் அடிக்கச் சொல்லித்தருவதில்லை. நம் பிள்ளைகள் பந்தாடட்டும். ஓடியாடினால்தான் உடம்பு உரம்பெறும். சின்னப் பிள்ளைகளை நிற்கவைத்து, திரும்பத் திரும்பத் தலையால் அடிக்கச் சொல்லிப் பழக்கவேண்டாம். அவ்வளவுதான்.

தோட்டத்தில் என்ன செய்வது?

நம் வேலையில் தலைக்கு ஆபத்து மேலேயிருந்து வருகிறது. செம்பனைக் குலை ஒன்று 20 கிலோ, அதற்கு மேலும் இருக்கும். மட்டை முள்ளும் பாரமுமாக விழும். ஹெல்மெட் போடாமல் மரத்தடியில் நிற்காதீர்கள். “வேர்க்குது, கழுத்து வலிக்குது” என்று கழற்றிக் கொம்பில் மாட்டிவிட்டு வெட்டாதீர்கள். வெட்டுகிறவர் குலை விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கவேண்டும். உதிரிப்பழம் பொறுக்கும் பெண்கள் வெட்டு நடக்கும் மரத்தை நெருங்கக்கூடாது. தோட்டத்துச் சாலைதானே என்று மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் இல்லாமல், பிள்ளையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஹெல்மெட் மண்டை உடைவதைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுக்கத் தடுக்காது. அமெரிக்க ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஹெல்மெட் போட்டவர்கள்தான். ஆகவே ஹெல்மெட் போட்டிருந்தாலும் அடிபட்டால் கவனிக்கவேண்டும்.

அடிபட்டவர் மயங்கி விழவேண்டும் என்பதில்லை. திகைத்து நிற்பது, சொன்னதையே திரும்பச் சொல்வது, நடந்ததை மறப்பது, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சம் பார்த்தால் கூசுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மூளை அதிர்ந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். அன்று முழுதும் வேலையும் வேண்டாம், ஆட்டமும் வேண்டாம். மரம் ஏறக்கூடாது, மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. ஓரிரு நாள் ஓய்வெடுத்து, டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குத் திரும்பவேண்டும். முதல் அடி ஆறுமுன் இரண்டாம் அடி பட்டால்தான் பெரிய ஆபத்து.

கீழ்க்கண்டவற்றில் எதைப் பார்த்தாலும் தாமதிக்காமல் 999க்குக் கூப்பிடுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்:

தலைவலி நேரம் ஆக ஆகக் கூடுவது.
திரும்பத் திரும்ப வாந்தி.
வலிப்பு.
ஒரு கண்மணி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருப்பது.
ஒரு பக்கக் கை கால் சோர்வது, பேச்சுக் குழறுவது.
மூக்கிலோ காதிலோ தண்ணீர் போலவோ ரத்தமாகவோ வடிவது.
தட்டி எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் மயங்குவது.

கழுத்து வலிக்கிறது என்றால் ஆளைத் தூக்கி நிறுத்தாதீர்கள். அசைக்காமல் உதவி வரும்வரை கூடவே இருங்கள். மயக்கமாக இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ‘வலி தெரியாம இருக்கும்’ என்று கள்ளோ சம்சுவோ கொடுப்பது பெரும் தவறு. மயக்கம் அடியாலா, போதையாலா என்று டாக்டருக்கே தெரியாமல் போகும்.

“தலையில் அடிபட்டா தூங்கவே விடக்கூடாது” என்று பாட்டிமார் சொல்வார்கள். மேலே சொன்ன அபாயக்குறி எதுவும் இல்லையென்றால் தூங்கலாம். ஆனால் முதல் நாள் இரவு யாராவது ஒருவர் கூட இருந்து, இடையிடையே பார்த்துக்கொள்ளவேண்டும்.

வயதானவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். இவர்களுக்கு லேசான அடியில்கூட உள்ளே ரத்தம் கசிந்து, 2, 3 வாரம் கழித்துத்தான் தடுமாற்றம் தெரியும். “அப்பவே ஆறிப்போச்சே” என்று விட்டுவிடாதீர்கள்.

வேலையில் பட்ட அடி என்றால் இன்னொன்றும் செய்யுங்கள். அன்றைக்கே மண்டோரிடம் சொல்லி எழுதிவைக்கச் செய்யுங்கள். விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்க்கேசோவுக்குத் தெரிவிக்கவேண்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி நமக்குள்ள பாதுகாப்பு இது. 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களும் இதில் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று மறைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து ஞாபகம் தப்புகிறது என்றால் யார் நம்புவார்கள்? எழுத்தில் இருந்தால்தான் சாட்சி.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

இந்தக் காயத்தை முதலில் கண்டுபிடிக்கிறவர் வீட்டில் இருப்பவர்தான். அடிபட்ட பிறகு மனுஷன் மாறிவிட்டாரா? எதற்கெடுத்தாலும் சீறுகிறாரா? தூக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாரா? “நான் இருந்து என்ன பிரயோஜனம்” என்று பேசுகிறாரா? அதைக் குணக்கேடு, செய்வினை என்று ஒதுக்காதீர்கள். தலையில் அடிபட்டதைச் சொல்லி அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் காட்டுங்கள். மனச்சோர்வுக்கு மருந்தும் உண்டு, ஆறுதலாகப் பேசிக் குணப்படுத்தும் வழியும் உண்டு. உயிரை விடும் பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துப்போங்கள். அதே சமயம், நோய் என்பதற்காக அடி உதையைப் பொறுத்துக்கொண்டு இருக்கவேண்டும் என்று இல்லை. நீங்களும் பிள்ளைகளும் பத்திரமாக இருப்பது முக்கியம்.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. டூர்சன் இரண்டு கோப்பைகளை வென்ற பலசாலி. படித்தவர், விவரம் தெரிந்தவர். அவருக்கே தம் காயம் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த முறை பக்கத்து நிரையில் குலை வெட்டுகிற தோழர் தலையைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல” என்று சொன்னால், அவர் கையிலிருந்து அரிவாளை வாங்கிக் கீழே வையுங்கள். நிழலில் உட்காரவையுங்கள். மண்டோரைக் கூப்பிடுங்கள்.